ஊமையாக்கிவிட்டார்களாம்!

ஞாயிற்றுக்கிழமை நம் திரைப்படக் குழு திரையிட்டது, நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்டின் 'லேடி விண்டர்மியரின் விசிறி'யை வைத்து எடுத்த மௌனப்படம். அங்கே நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று குழுவில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு முடியவில்லை. வாயில் பிளாஸ்திரி ஒட்டிய ஆஸ்கர் வைல்டு, கீழே என் பெயர். நல்ல கற்பனை, வாழ்த்துகள்.

படம் முடிந்ததும் நம் குழுவின் ஐயா எழுந்து, "வைல்டை ஊமையாக்கிவிட்டார்கள்" என்றார். கைத்தட்டல். நான் மைக்கை வாங்கி, வசனத்தை எடுத்ததால்தான் அது படமானது என்றேன். சிரிப்பு. சரி, அங்கே முடிக்க விடாததை இங்கே முடிக்கிறேன்.

'லேடி விண்டர்மியரின் விசிறி' 1892இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் மேடையேறி சக்கைப்போடு போட்ட நாடகம். சாக்கடையில் கிடந்தபடி நட்சத்திரம் பார்க்கிறவர்களைப் பற்றி ஸ்டேட்டஸ் வைக்கிறீர்களே, அந்த வரியும் இதில்தான் வருகிறது. 1925இல் வார்னர் பிரதர்ஸுக்காக இதைப் படமாக்கிய எர்ன்ஸ்ட் லூபிட்ச், அந்தச் சாதுரிய வரிகளை, காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டையில்கூடப் போடவில்லை. தெரியாமலா? பெர்லினில் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழுவில் நடித்த ஆள் அவர். மேடை என்றால் என்னவென்று அவருக்கு நம் ஐயா வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

வசனத்தை எடுத்த இடத்தில் எதை வைத்தார், அதைப் பாருங்கள். குதிரைப் பந்தயம். நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது, நாலு அங்கமும் வீட்டுக்குள்தான். படத்தில் மிஸஸ் எர்லின் மைதானத்துக்கு வந்து உட்காருகிறாள். 'ஒரு மாதிரியான' பெண் என்று ஊரே பேசுகிறவள். குதிரையை விட்டுவிட்டு பைனாகுலர்கள் அவள் பக்கம் திரும்புகின்றன. அவள் கிளம்ப, அவள்மேல் ஆசைப்படும் லார்ட் அகஸ்டஸ் பின்னாலேயே போகிறார். அவர் நெருங்க நெருங்கத் திரையின் ஒரு பக்கம் இருட்டிக்கொண்டே வருகிறது. இதுவா ஊமை?

வசனம் வேண்டாமென்றால் வைல்டின் பெயர் எதற்கு என்பீர்கள். நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாடகத்திலேயே யார் மானம் போகும் என்று முடிவுசெய்வது, லேடி விண்டர்மியர் தன்னைக் காதலிக்கும் டார்லிங்டன் வீட்டில் விட்டுவிட்டு வந்த விசிறிதானே? அது வாய் திறந்தா காட்டிக்கொடுத்தது?

எல்லா மௌனப்படத்துக்கும் இது பொருந்துமா என்று ஒருவர். நான் எல்லாப் படத்தையும் பற்றிப் பேசவில்லை சாமி, ஆளை விடுங்கள். வைல்டுக்கும் நான் எதிரி இல்லை. கல்லூரியில் இந்த நாடகத்தில் பாதி எனக்கு மனப்பாடம். நாம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டே படம் பார்த்த திருப்தி அடைந்தவர்கள், காதில் விழாதது நமக்கு நடக்கவே இல்லை. அதுதான் சிக்கல்.

எனக்கு ஒரு சித்தி. யாரோடோ போய்விட்டாள் என்று வீட்டில் பெயரைக்கூட எடுக்காமல் இருந்தார்கள். பல வருடம் கழித்து அக்கா கல்யாணத்துக்கு வந்தாள். மண்டபத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புடவை என்ன விலை இருக்கும், கழுத்தில் என்ன கிடக்கிறது என்று கண்களாலேயே அளந்தார்கள். பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இலை போட்டிருந்தது, ஆள் இல்லை. சாம்பார் வாளிக்காரர் அந்த இரண்டு இலையையும் தாண்டிப் போனார். இதற்கு ஐயா வசனம் எழுதட்டும், பார்க்கலாம்.

சொந்தக் கதையை இழுக்கிறான் என்பீர்கள். இழுக்கத்தான் செய்வேன். எட்டு வருடமாக உங்களுக்காக ப்ரொஜெக்டர் தூக்கியிருக்கிறேன். பந்தயக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுத்தான் சிரித்தீர்கள். சிரிக்காதவர்கள் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதையும் கவனித்தேன்.

அன்றைக்குப் பந்தியில், சித்தி பக்கத்து இலையில் போய் உட்காரச் சொல்லி அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்கு 14 வயது, நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.