சோழன் சாப்பிட்ட மிளகாய்

சிங்கப்பூர் வாசகர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "மிளகாய் தமிழ்ச் சொல், ஆகவே தமிழ்நாட்டுப் பயிர். 1025இல் கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) நோக்கிக் கப்பலேறிய ராஜேந்திர சோழனின் வீரர்கள் மிளகாய்த் தொக்கு தின்பதாகக் கதையில் எழுதினால் தவறே இல்லை."

தவறுதான்.

சொல் தமிழ், செடி அமெரிக்கக் கண்டத்தது. கொலம்பஸ் அங்கே போனது 1492இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அதன் பிறகே, போர்ச்சுகீசியர் வழியாக, மிளகாய் நம் கரைக்கு வந்தது. புதிதாக வந்த காய் மிளகைப் போலவே காரமாக இருந்ததால் மிளகு, காய் இரண்டும் சேர்ந்து மிளகாய் ஆயிற்று. பெயரே சாட்சி சொல்கிறது: முதலில் இருந்தது மிளகு! சங்கப் பாடல்களில் அதற்குக் 'கறி' என்று பெயர். யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது.

"அப்படியானால் சம்பலாவது பழசுதானே?" என்று கேட்டார் தேக்காவில் மீன் வாங்க வந்த ஓர் அண்ணன். மிளகாய் அரைத்துச் செய்யும் இன்றைய சிவப்புச் சம்பலுக்கும் இதே கதைதான். மிளகாய் மலாய்த் தீவுகளுக்கும் கடல் கடந்தே வந்தது.

தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, பப்பாளி எல்லாம் அதே கண்டத்து வரவு. சோழ வீரனுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுங்கள், மிளகு தூவி. நிலக்கடலை மட்டும் போடாதீர்கள்.