சாவைப் பத்திப் பேசினா சாவு வந்துடாதுங்க

எங்க பக்கம் ஒருத்தர் தவறிட்டா அடுத்து என்ன செய்யணும்னு யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழவு சொல்ல ஆள் கிளம்பிடும், பந்தல்காரருக்குப் போன் போயிடும், பொறந்த ஊட்டுல இருந்து வர்ற கோடித்துணி வந்தாச்சான்னு பெரியவங்க விசாரிக்க ஆரம்பிச்சிடுவாங்க. சாம்பலை பவானி கூடுதுறைக்குக் கொண்டு போறதா, கொடுமுடிக்கா, பேரூருக்கான்னு முடிவு பண்றது வரை எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. ஆனா சாவை எதிர்பார்த்துப் படுத்திருக்கற மனுசன்கிட்ட என்ன பேசணும்? அதுக்குத்தான் நம்மகிட்ட முறையே இல்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டுப் போறோம். "ஒண்ணும் இல்லீங் மாமா, அடுத்த மாசம் எந்திரிச்சு நடப்பீங்க"ங்கறோம். வாசலைத் தாண்டினதும் "தேறாது போல"ன்னு பேசிக்கறோம். இது எனக்குப் பெரிய கொடுமையாத் தெரியுது.

எங்க அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்குப் புத்துநோய்னு தெரிஞ்சப்ப ஊட்டுல எல்லாரும் மறைக்கறதுன்னு முடிவு பண்ணினாங்க. வயித்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. அத்தை ஒருத்திக்குத்தான் மனசு ஒப்பலை. ஒருநாள் முன்கூடத்துல அவர் கட்டலுக்குப் பக்கத்துல உக்காந்து, "அப்பா, உங்களுக்கு வந்திருக்கறது தேறற நோவு இல்லீங்"ன்னு சொல்லிட்டாங்க. அப்பாரு கொஞ்ச நேரம் மோட்டுவளையப் பாத்துட்டிருந்தார். "தெரியுஞ் சாமி. நீங்க மறைக்கறீங்களேன்னு நானும் தெரியாத மாரியே இருந்துட்டேன்"னார்.

ரெண்டு பக்கமும் நடிச்சிட்டிருந்திருக்கோம். அவர் எங்களுக்காக, நாங்க அவருக்காக.

அதுக்கப்புறம் கெடச்ச ரெண்டு மூணு மாசத்தை நான் எதோடவும் மாத்திக்க மாட்டேன். தோட்டத்துல ஒரு சேரைப் போட்டு அவரை உக்கார வெச்சோம். மண்ணுக்குள்ள போற பைப்லைன் எங்கெங்க திரும்புது, எந்த ஜாயிண்ட் அடிக்கடி கழண்டுக்கும், பழைய கேட்வால்வு எந்தத் தென்னைக்குக் கீழ புதைஞ்சு கெடக்குன்னு கைத்தடியால காட்டக் காட்ட, நான் ஒவ்வொரு இடத்துலயும் கல்லு நட்டுட்டே போனேன். யார்கிட்ட வாங்கின கைமாத்து பாக்கி இருக்குன்னு சொன்னார். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியைக் கூட்டிட்டு வரச் சொன்னார். எங்க காடு கீழ்பவானிப் பாசனம். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகுன்னு மாத்தி மாத்தித்தான் தண்ணி வரும். "அடுத்த நெல்லுத் தண்ணிக்கு நான் இருக்க மாட்டேன், நாத்தங்காலை மட்டும் மேக்கால வயல்ல போடுங்க"ன்னு சாதாரணமாச் சொன்னார்.

ஞானி ஆயிட்டார்னு நெனச்சுடாதீங்க. ராத்திரி பயப்படுவார். ஊரே கூப்புட்டுப் பஞ்சாயத்து பேசச் சொன்ன மனுசன், "தனியாப் படுக்க முடியலை கண்ணு, சித்தெ பக்கத்துலயே படுத்துக்கோ"ன்னு கேட்டார். கட்டலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுப்பேன். தூக்கத்துல கையைத் தொங்கவிட்டு நான் இருக்கனான்னு தடவிப் பாப்பார். பயம் போகலை. ஆனா பயத்தை மறைக்கற வேலை போச்சு. உண்மையைச் சொன்னதால கெடச்சது அதுதான், என்னைக் கேட்டா அது சாதாரண விசயம் இல்லை.

சாவைப் பேசறதே அபசகுனம்ங்கற வழக்கம் இந்த மண்ணுக்குப் பழசுன்னு எனக்குத் தோணலை. சென்னிமலைக்கு அக்கட்டால, நொய்யல் கரையில இருக்கற கொடுமணலைப் போய்ப் பாருங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி இரும்பு உருக்கி, கல்லுமணி கோத்து யாவாரம் பண்ணின ஊரு. அவங்க செத்தவங்களுக்குன்னு பெரிய பலகைக் கல்லுகளை நிறுத்தி அறை கட்டியிருக்காங்க. அதுல வட்டமா ஒரு துளை விட்டு, உள்ள சட்டி பானையும் மணியும் வெச்சு, சுத்தி கல்வட்டம் போட்டிருக்காங்க. அந்தப் பலகைக் கல்லை வெட்டி இழுத்து வர எத்தனை பேர் எத்தனை நாள் பாடுபட்டிருக்கணும்! சாவைக் கண்ணுல படாம வெக்க நெனச்சவங்க செய்யற வேலையா அது?

பேரூருக்குப் போனா இறவாப் பனையும் பிறவாப் புளியும். சாகாத பனை ஒண்ணு, வெதை மொளைக்காத புளி ஒண்ணு. அங்க செத்தா மறுபிறப்பு இல்லைங்கறது நம்பிக்கை. சாகவும் கூடாது, திரும்பப் பொறக்கவும் கூடாதுங்கற ரெண்டு ஆசையையும் ஒரே ஊர்ல வெச்சுக் கும்புட்டிருக்காங்க. எனக்கு அந்த நம்பிக்கையில பிடிப்பு இல்லை. ஆனா அந்த ஆசைகளை வாய்விட்டுச் சொன்னாங்க பாருங்க, அது புடிக்குது.

இன்னைக்கு நாம என்ன செய்யறோம்? எம்பது வயசு தாண்டி, ஒடம்பு முழுக்க ஓஞ்சு போனவங்களை ராத்திரியோட ராத்திரியா கோயமுத்தூருக்குத் தூக்கிட்டு ஓடறோம். வென்டிலேட்டர், வாயில குழாய், கையைக் கட்டிலோட சேத்துக் கட்டு. கண்ணாடி வழியா காலைல அஞ்சு நிமிசம், சாயங்காலம் அஞ்சு நிமிசம். காட்டை வித்துப் பில்லு கட்டின குடும்பங்களை நான் பாத்திருக்கேன். காப்பாத்தற வாய்ப்பு இருந்தா விக்கலாம், தப்பே இல்லை. டாக்டரே இனிப் பலனில்லைன்னு சொன்ன பெறகும் தூக்கிட்டு ஓடறது "கடைசி வரைக்கும் பாத்தோம்"னு ஊருக்குச் சொல்லறதுக்குத்தான். படுத்திருக்கறவங்களுக்கு வேண்டியதை யாருமே கேக்கறதில்லை.

கேட்டு எழுதி வெக்கறதுக்கு வழி இருக்கு. மீள வழியில்லாத நெலைமையில உயிரை இழுத்துப் புடிக்கற சிகிச்சை வேண்டாம்னு ஒருத்தர் முன்கூட்டியே எழுதி வெக்கலாம்னு 2018 மார்ச்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. அப்ப மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு இருந்தது. 2023 ஜனவரியில அதை எளிமையாக்கிட்டாங்க. ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். கிரயப் பத்திரத்துக்கு நாலு தடவை சார்பதிவாளர் ஆபீஸுக்கு நடக்கற நமக்கு இது ஒரு வேலையே இல்லை. வேண்டாம்னு எழுதினா அம்போன்னு விட்டுடுவாங்கன்னும் பயப்பட வேண்டாம். வலிக்கு மருந்து குடுக்கறது, புண்ணைத் தொடைச்சுக் கட்டறது தனி வைத்தியம். அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயே ஊட்டுக்கு வந்து அதைச் செய்யறாங்க. கேட்டு வாங்குங்க.

போன வாரம் அம்மாகிட்ட உக்காந்து கேட்டேன். நல்லா இருக்கறப்பவே கேக்கணும்னுதான். மொதல்ல மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. பெறகு அவங்களே ஆரம்பிச்சாங்க. குழாயெல்லாம் வேண்டாம். மின்மயானம் போதும். தாலிக்கொடியை ரெண்டு பேத்திகளுக்கும் சமமாப் பிரிக்கணும். அப்புறம் பேச்சு நின்னு போச்சு.

"எனக்குக் கோடி யாருடா கொண்டாருவா?"

மாமன் ரெண்டு பேரும் போயிட்டாங்க. இருக்கறது பெரிய மாமன் மகன் ஒருத்தன். சொத்துத் தகராறுல அந்த ஊட்டோட பல வருசமா வாசப்படி மிதிக்கறதில்லை. இதை அம்மா இத்தனை வருசமா மனசுக்குள்ள வெச்சிருந்திருக்காங்க, எனக்குத் தெரியவே தெரியாது. நேத்து அவனுக்குப் போன் பண்ணினேன். "அத்தையவும் கூட்டிட்டு வாங்க மச்சான்"னான். ஞாயித்துக்கெழமை காலைல காங்கேயம் கிளம்பறோம்.