முதலில் என்ஜின், பிறகு தண்ணீர்

குளிர்காலம் முழுவதும் மூடி வைத்திருந்த ஜெட் ஸ்கீயை (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர் போன்ற வண்டி) ஏரியில் இறக்கும் முன் வீட்டு வாசலில் இயக்கிப் பார்ப்பவர்கள், என்ஜின் சூடாகாமலிருக்க ஹோஸை மாட்டித் தண்ணீரைத் திறந்த பின்னரே என்ஜினை இயக்க வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்துள்ளனர். உண்மையான வரிசை அதற்கு நேர்மாறானது. முதலில் என்ஜினை இயக்கி, உடனே தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது தண்ணீரை மூடிய பிறகே என்ஜினை அணைக்க வேண்டும்.

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் தன் பம்பினால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால், அதற்குத் தண்ணீரை முதலில் திறப்பது சரிதான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஜெட் ஸ்கீயிலோ குழாயின் அழுத்தமே தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. என்ஜின் ஓடினால்தான் வெளியேறும் புகை அதை வெளியே தள்ளும், ஓடாவிட்டால் சைலன்சர் நிரம்பித் தண்ணீர் பின்னோக்கி ஏறி, சிலிண்டருக்குள்ளேயே புகுந்துவிடக்கூடும். அதேபோல, தண்ணீரே இல்லாமல் நீண்ட நேரம் ஓடவிடுவதும் கூடாது. ஜெட் ஸ்கீ தயாரிக்கும் யமஹா 15 விநாடிகளையே எல்லையாக வைத்திருக்கிறது.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. யமஹா, சீ-டூ ஆகிய ஜெட் ஸ்கீ பிராண்டுகளின் தளங்களில் உங்கள் மாடலுக்கான உரிமையாளர் கையேடு கிடைக்கும். தண்ணீர் விட்டுக் கழுவுவதைப் (flushing) பற்றிய பகுதியில் இந்த வரிசை எச்சரிக்கையுடன் அச்சிடப்பட்டிருக்கிறது.

ஏற்கெனவே தண்ணீரை முதலில் திறந்துவிட்டவர்கள், நான்கு ஸ்ட்ரோக் என்ஜினாக இருந்தால், ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால், அதில் தண்ணீர் கலந்திருக்கலாம்; மறுபடி இயக்காமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.