கார் ஓட்டுவதற்குச் சம்பளமா என்று கேட்டவர்களுக்கு

"கார் ஓட்டிக்கொண்டு போவதற்கும் அரசாங்கம் காசு கொடுக்க வேண்டுமா?" என்று ஒரு பதிவில் கேட்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் வீட்டுக்குத் தெரபி கொடுக்கப் போகிறவர்களின் பயண நேரத்துக்கு அரசு பணம் தருவதை ஒழிக்க வேண்டும் என்கிறது அது. எந்தப் பதிவு என்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் நம் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வாட்ஸப் குழுக்களிலும் அதுதான் சுற்றுகிறது. கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் நிறையப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். சிலர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை.

ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைகளின் வீட்டுக்குப் போய் நடத்தைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மினசோட்டாவில் மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வழியாக இதற்கு இ.ஐ.டி.பி.ஐ. என்ற திட்டம் இருக்கிறது. தெரபி மையத்துக்கு வெளியே, குழந்தை இருக்கும் வீட்டுக்கோ பள்ளிக்கோ நாங்கள் போய்வரும் நேரத்துக்கும் எங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் இதில் பில் போடலாம். யாரோ ரகசியமாக நுழைத்த சலுகை அல்ல இது. மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தெரபிஸ்ட் ஏன் அந்தக் குழந்தையைத் தேடிப் போக வேண்டும் என்ற காரணம் குழந்தையின் சிகிச்சைத் திட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதைத்தான் ஒழிக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு குழந்தையின் வீட்டிலிருந்து அடுத்த குழந்தையின் வீட்டுக்குப் போகும் நேரம் வேலை நேரம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"நாங்களும்தான் தினமும் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம், எங்களுக்கு யார் தருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். நீங்கள் காலையில் ஈகன் ஆபீசுக்குப் போகிறீர்கள், சாயங்காலம் வீட்டுக்கு வருகிறீர்கள். அந்தப் பயணம் உங்கள் பாடு என்று 1947லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. ஆனால் பகல் 11 மணிக்கு உங்கள் மேனேஜர் உங்களை ராச்செஸ்டரில் இருக்கும் கிளையன்டிடம் அனுப்பினால், போகிற ஒன்றரை மணி நேரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டா போவீர்கள்? வேலை நாளின் நடுவில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் நேரம் வேலை நேரம்தான் என்பது அமெரிக்கத் தொழிலாளர் விதி. உங்களுக்கும் அதே விதி, எனக்கும் அதே விதி. மைல் கணக்கில் தருவது வேறு. 2025இல் வருமான வரித் துறை (ஐ.ஆர்.எஸ்.) சொன்ன விகிதம் மைலுக்கு 70 சென்ட். அது பெட்ரோலுக்கும் டயருக்கும். என் நேரத்துக்கு அல்ல.

சரி, நிறுவனம் கொடுக்கட்டும், மெடிகெய்ட் ஏன் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குழந்தையோடு நேரடியாகச் செய்யும் தெரபிக்கு 97153 என்று ஒரு பில்லிங் குறியீடு. பதினைந்து பதினைந்து நிமிடமாகத்தான் கணக்கு. குழந்தை எதிரில் இருந்தால்தான் அந்த நிமிடம் எண்ணப்படும். பல தனியார் காப்பீடுகளில் பயணத்துக்கு ஒரு பைசா கிடையாது. அப்போது நிறுவனம் என்ன செய்யும்? பயண நேரத்துக்கான கூலியைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். எந்த நிறுவனமும் அதை ரொம்ப நாள் செய்யாது. மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் "மையத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லும். தூரத்து வீட்டுக்காரர்களிடம் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறோம் என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது எவ்வளவு பெரியது என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு வீட்டிலாவது வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மையத்தில் படத்தைக் காட்டினால் "தண்ணி" என்று சொல்லும் குழந்தை, வீட்டில் அம்மாவின் கையைப் பிடித்து ஃபிரிட்ஜிடம் இழுத்துக்கொண்டு போய் அழும். தண்ணீர் வேண்டியது வீட்டில்தானே? கழிவறைப் பழக்கம், சாப்பாடு, தூக்கம், தம்பி பொம்மையைப் பிடுங்கினால் என்ன செய்வது, இதெல்லாம் வீட்டில் நடப்பவை. வீட்டில்தான் சொல்லிக் கொடுக்க முடியும். அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அங்கேதான்.

ஒரு சோமாலி அம்மாவின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெற்கே ஒரு சின்ன ஊர். வான்கோழி ஆலையில் அவருக்கு இரவு ஷிப்ட், கார் இல்லை. ஜனவரியில் பனி கொட்டும்போது மெதுவாகத்தான் ஓட்ட முடியும். ஒரு வேன் ரோட்டோரப் பள்ளத்தில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே போன நாளும் உண்டு. அந்த வீட்டுப் பையன் வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டான். குளிர்காலம் முடிவதற்குள், வெளியே போக வேண்டுமென்றால் தன் பூட்ஸைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டப் பழகிவிட்டான். அவன் அம்மா போனில் வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார். அப்புறம் எங்கள் நிறுவனம் தூரத்து வீடுகளைக் குறைத்தது, முதலில் போனது அந்த வீடு. காரணம் கேட்டேன். கட்டுப்படியாகவில்லை என்றார்கள். பயணத்துக்குப் பணம் வரும்போதே இந்தக் கதி. அதையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

மோசடியைப் பற்றிப் பேச மாட்டாயா என்பார்கள். பேசுகிறேன். 2024 டிசம்பரில் இங்கே இரண்டு ஆட்டிசம் மையங்களில் எஃப்.பி.ஐ. சோதனை நடந்தது. 2025 செப்டம்பரில் முதல் வழக்கும் பதிவானது. கொடுக்காத தெரபிக்குப் பில் போட்டார்கள், பெற்றோருக்குக் காசு கொடுத்துக் குழந்தைகளைச் சேர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிரூபித்து உள்ளே தள்ளட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தத் திருட்டால் அதிகம் அடிபட்டவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் அது நடக்காத தெரபிக்குப் போட்ட பில். அதற்குத் தண்டனையாக, உண்மையாகப் பனியில் ஓட்டிக்கொண்டு போகிறவளின் நேரத்தை ஏன் வெட்ட வேண்டும்? கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், இடம் எல்லாம் எழுதித்தான் கொடுக்கிறோம். போதவில்லை என்றால் போனில் இருப்பிடத்தைப் பதிவு செய்யட்டும், சந்தோஷமாகச் செய்கிறேன். இந்த மோசடியைச் சாக்காக வைத்து, "இவர்கள் எல்லோருமே திருடர்கள்" என்று சோமாலி மக்களைப் பற்றி அந்தப் பதிவின் கீழே எழுதியவர்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நாமும் வந்தேறிகள்தான். நாளைக்கு நம்மைச் சொல்வார்கள்.

"ஜூமில் செய்யலாமே?" இரண்டரை வயதுக் குழந்தையோடு செய்து பாருங்கள்.

"ஊரில், தமிழ்நாட்டில், யாரும் பயணத்துக்குத் தருவதில்லை." உண்மைதான். அதனால் ஊரில் என்ன நடக்கிறது? மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுகிறார்கள். அம்மாவும் பிள்ளையும் தெரபிக்காகச் சென்னையில் வாடகை வீட்டில், அப்பா சேலத்தில் என்று குடும்பம் இரண்டாகிறது. அங்கேயும் பயணச் செலவு இருக்கிறது, அதைக் குடும்பம் சுமக்கிறது. அதையா இங்கே கொண்டுவர வேண்டும்?

உண்மையில் என்னை வலிக்க வைத்தது இந்தக் கேள்விகள்கூட இல்லை. "ஹெச்4இல் வந்த பெண்கள் டைம்பாஸுக்குச் செய்யும் பேபிசிட்டிங்" என்று ஒரு வரி. ஹெச்4 என்பது கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கும் விசா. அந்த வரிக்குத்தான் அதிகம் சிரித்திருந்தார்கள். 40 மணி நேரப் பயிற்சி, திறன் மதிப்பீடு, தேர்வு, அப்புறம்தான் சான்றிதழ். அதன் பிறகும் மேற்பார்வையாளர் எங்கள் தெரபி நேரத்தில் குறைந்தது ஐந்து சதவீதமாவது மாதாமாதம் கண்காணிக்க வேண்டும். கடித்த தழும்பு கையில் இருக்கிறது. ஒவ்வொரு செஷனுக்கும் குறிப்பு எழுதி முடித்துத்தான் நான் சமைக்கவே போகிறேன். இதே வேலையை டை கட்டிய ஒரு கன்சல்டன்ட் செய்து, பயண நேரத்தை பில்லில் சேர்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பெண்கள் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து செய்வதால் இது வேலையாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு போன் செய்து, "இன்னும் பேச்சே வரவில்லை, எங்கே காட்டுவது, இந்தியாவில் யாருக்கும் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்" என்று அழுபவர்களும் நம்மவர்கள்தான். காரைப் பக்கத்துத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்ன வீடும் உண்டு. வந்தேன். யார் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த வீடுகளுக்கெல்லாம் யாராவது ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் அடுத்து சட்டமன்றம் கூடும்போது என் தொகுதி உறுப்பினருக்கு எழுதப் போகிறேன். தெரபி பெறும் குழந்தைகள் உள்ள பெற்றோர்கள் நீங்களும் ஒரு பத்தி எழுதுங்கள். மையம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், பகலில் வீட்டில் கார் இருக்கிறதா, தெரபிஸ்ட் வராவிட்டால் என்ன செய்வீர்கள், இந்த மூன்றும் இருந்தால் போதும். பெயர் வெளியே வரக் கூடாது என்று நினைப்பவர்கள் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள், உங்கள் பெயரில்லாமல் என் கடிதத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.