அடி தாங்கும் தகடு

(போடிநாயக்கனூரில் ஒரு பட்டறை. ஒரு பக்கம் ஏலக்காய் வாசம், மறுபக்கம் வெல்டிங் புகை. பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய சீட்டில் மேஸ்திரி சாய்ந்திருக்கிறார். சேற்றையே பார்த்திராத ஒரு ஜிம்னி, மாருதியின் சின்ன ஜீப் மாதிரி வண்டி, வாசலில் வந்து நிற்கிறது. இறங்குகிறவர் கையில் ஃபைல். ஃபைலோடு பட்டறைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று இன்சூரன்ஸ் ஆள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க செல்போனில் படித்துவிட்டு வருகிற ஆள். இவர் கண்ணைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிகிறது.)

ஜிம்னிக்காரர்: வணக்கம் அண்ணே. வண்டிக்கு அடியில் ஸ்கிட் பிளேட் போட வேண்டும்.

மேஸ்திரி: சேம்பர் கார்டா? இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சேம்பரைக் காக்கிற தகடு?

ஜிம்னிக்காரர்: அது அந்தக் காலத்துப் பேர். இப்போது ஸ்கிட் பிளேட் என்றுதான் சொல்கிறார்கள்.

மேஸ்திரி: பேர் மாறியிருக்கிறதென்றால் விலையும் ஏறியிருக்கும். சரி, உட்காருங்க தம்பி. எதற்குத் தகடு?

ஜிம்னிக்காரர்: அடியில் அடி படாமல் இருக்க.

மேஸ்திரி: பட்டதா, படப்போகிறதா?

ஜிம்னிக்காரர்: பட்டுவிட்டது. போன மாதம் மாமனாரின் ஏலத்தோட்டத்துக்குப் போனேன். பூப்பாறைக்கு அந்தப் பக்கம், கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் மண்ணும் கல்லும்தான். அங்கே ஒரு பாறை. யானை படுத்துக் கிடக்கிற மாதிரி.

மேஸ்திரி: யானை மேலேயா ஏற்றினீர்கள்?

ஜிம்னிக்காரர்: உரசிவிட்டது. கர்ர்ர் என்று ஒரு சத்தம். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அதனால்தான் மூன்று மாதமாக எல்லாவற்றையும் படித்து, இதோ, பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

மேஸ்திரி: அடி பட்டது போன மாதம். படிப்பது மூன்று மாதமாகவா?

ஜிம்னிக்காரர்: முன்னெச்சரிக்கை அண்ணே.

மேஸ்திரி: நல்லது. பட்டியலைப் படியுங்க.

ஜிம்னிக்காரர்: இரும்பு, 5 எம்.எம். முன் பம்பரிலிருந்து பின் ஆக்ஸில் வரைக்கும் வயிறு முழுக்க.

மேஸ்திரி: (காற்றில் விரலால் கணக்குப் போடுகிறார்) 1 எம்.எம். இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ. 5 எம்.எம். என்றால் 40. வயிறு முழுக்க மூட ஒன்றரை சதுர மீட்டராவது வேண்டும். ஆக 60 கிலோ. உங்கள் எடை என்ன?

ஜிம்னிக்காரர்: 62.

மேஸ்திரி: அப்படியென்றால் மேலே ஒரு நீங்கள், அடியில் ஒரு நீங்கள். பால் வாங்கப் போனாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் போட வேண்டும். அது மட்டுமில்லை. அத்தனை பாரம் ஏறினால் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும். அடியைக் காப்பாற்றப் போட்ட தகடே வண்டியைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும்.

ஜிம்னிக்காரர்: (பக்கத்தைப் புரட்டுகிறார்) அதற்குத்தான் இரண்டாவது யோசனை. அலுமினியம். எடை மூன்றில் ஒரு பங்கு.

மேஸ்திரி: விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். இரும்பளவுக்கு வளையாமல் நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடிமன் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் எடை பாதிதான் வரும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். காசு இருக்கிறவர்கள் போடலாம். ஆனால் ஒன்று. இரும்பு பாறை மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அலுமினியம் அப்படியில்லை, ஊருக்குப் போன மச்சினனைப் பார்த்த மாதிரி பாறையைக் கட்டிக்கொள்ளும். விடவே விடாது. இழுத்தால் சதை பிய்கிற மாதிரி பிய்யும்.

ஜிம்னிக்காரர்: இரும்பு வளையாதா?

மேஸ்திரி: வளையும். கழற்றித் தரையில் போட்டு, சம்மட்டியால் நாலு தட்டுத் தட்டினால் நிமிரும். அலுமினியத்தை நாலு தட்டுத் தட்டினால் விரிசல் விட்டாலும் விடும். நம் ஊர்ப் பட்டறைகளில் சம்மட்டி இருக்கிறது, அலுமினிய வெல்டிங் எத்தனை பேரிடம் இருக்கிறது?

ஜிம்னிக்காரர்: உங்களிடம் இருக்கிறதா?

மேஸ்திரி: சம்மட்டி இருக்கிறது.

(எழுந்து போய் ஒரு டப்பாவைக் கவிழ்க்கிறார். துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவிலிருந்து ஒரு போல்ட்டைப் பொறுக்கி எடுத்து நீட்டுகிறார்.)

மேஸ்திரி: இது என்ன சொல்லுங்க பார்ப்போம்.

ஜிம்னிக்காரர்: புளியங்கொட்டை மாதிரி இருக்கிறதே.

மேஸ்திரி: ஆறு பட்டை போல்ட் தம்பி. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பிலிருந்து எடுத்தது. தகட்டுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் கல்லில் தேய்ந்து ஆறு பட்டையும் போய்விட்டது. எந்த ஸ்பேனரும் பிடிக்கவில்லை. கேஸ் வைத்து அறுத்தெடுத்தேன். உங்கள் பட்டியலில் தடிமனுக்கு மூன்று பக்கம் இருக்கிறது. போல்ட்டுக்கு எத்தனை வரி?

ஜிம்னிக்காரர்: (தேடுகிறார்) "போல்ட் உட்பட" என்று ஒரு இடத்தில் இருக்கிறது.

மேஸ்திரி: அவ்வளவுதான். தலை தகட்டுக்குள் பதிய வேண்டும். இல்லாவிட்டால் தலையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் வைத்து வெல்டு அடிக்க வேண்டும். கல் வளையத்தில் தேயட்டும், போல்ட் பிழைத்துக்கொள்ளும். தலையில் குழி இருக்கிற ஆலன் போல்ட் மட்டும் வேண்டாம். அந்தக் குழிக்குள் சேறு போய்க் காய்ந்து செங்கல்லாகிவிடும். அப்புறம் நானும் என் பையனும் ஊசி வைத்துக் குத்திக்கொண்டு உட்கார வேண்டும்.

ஜிம்னிக்காரர்: ஓட்டை ஏதாவது போட வேண்டுமா?

மேஸ்திரி: இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள்! ஒருத்தர் வெளியூரில் அழகாகத் தகடு போட்டுக்கொண்டு இங்கே ஆயில் மாற்ற வந்தார். டிரெயின் நட்டுக்கு நேரே ஓட்டை இல்லை. நட்டைத் திறந்தால் ஆயில் முழுக்கத் தகட்டில் கொட்டி வடைச் சட்டி மாதிரி நின்றது. அப்புறம் சூடு ஏறும்போதெல்லாம் வண்டி பஜ்ஜிக் கடை வாசம் அடித்தது.

ஜிம்னிக்காரர்: ஓட்டை போட்டால் கல் உள்ளே போகாதா?

மேஸ்திரி: போனது வெளியே வரவும் ஓட்டை வேண்டுமே. இல்லாவிட்டால் தகடு ஒரு தாம்பாளம். ஒவ்வொரு மழைக்கும் இரண்டு சட்டி சேறு சுமந்துகொண்டு திரிவீர்கள். சைலன்சர் பக்கம் மட்டும் மூடவே கூடாது. காய்ந்த புல் உள்ளே சிக்கி அங்கே உட்கார்ந்தால் தீப்பிடிக்கும். அது விளையாட்டில்லை.

ஜிம்னிக்காரர்: (எழுதிக்கொள்கிறார்) சைலன்சர்... திறந்து... சரி. தகடு எதில் மாட்டும்?

மேஸ்திரி: சேஸிஸில், வண்டியின் அடிச்சட்டத்தில். இன்ஜினிலோ கியர் பாக்ஸிலோ மாட்டினால் பாறை தகட்டை அடிக்கும், தகடு இன்ஜினை அடிக்கும். நடுவில் நாம் செலவு செய்தது எதற்கு? சேம்பருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு மூன்று துண்டாகப் போட்டால் ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். முன் தகட்டின் பின் விளிம்பு கீழே, பின் தகட்டின் முன் விளிம்பு மேலே. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு கல்லும் விளிம்பில் கொக்கி போட்டு இழுக்கும்.

ஜிம்னிக்காரர்: ரிவர்ஸ் எடுத்தால் கொக்கி போடுமே?

மேஸ்திரி: (முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கிறார்) தேறிவிட்டீர்கள். போடும். அதனால்தான் ரிவர்ஸில் மெதுவாக வர வேண்டும்.

ஜிம்னிக்காரர்: எனக்கு அதிகம் தேவைப்படாது அண்ணே. ஜிம்னிக்குத் தரையிலிருந்து 210 எம்.எம். இடைவெளி. மேடு ஏறி இறங்குகிற கோணம் 24 டிகிரி. மனப்பாடமாகத் தெரியும்.

மேஸ்திரி: அந்த 210 எங்கே இருக்கிறது தெரியுமா? ஆக்ஸிலில் தொங்குகிற உருண்டைக்குக் கீழே. நீங்கள் சேஸிஸில் எத்தனை தகடு போட்டாலும் அந்த உருண்டை வெளியேதான் தொங்கும். முன்னேயும் பின்னேயும் கட்டை ஆக்ஸில் இருக்கிற வண்டியில் பாறையை நடுவில் விடவே கூடாது. சக்கரத்தைப் பாறை மேல் ஏற்றினால் ஆக்ஸிலும் சேர்ந்து ஏறும். நடுவில் விட்டால் அது தேங்காய் உடைக்கிற இடம். சரி, வண்டியைக் குழி மேல் விடுங்க. உங்கள் யானையைப் பார்த்துவிடலாம்.

(வண்டி குழி மேல் ஏறுகிறது. மேஸ்திரி டார்ச்சோடு கீழே இறங்குகிறார். ஐந்து நிமிஷம் சத்தமில்லை. குழிக்குள் சத்தமில்லாமல் இருக்கும் மேஸ்திரியைவிட வண்டிக்காரரை அதிகம் பயமுறுத்தும் பொருள் உலகில் இல்லை.)

ஜிம்னிக்காரர்: அண்ணே? சேம்பர் போச்சா?

மேஸ்திரி: சேம்பர் புத்தம் புதுசாக இருக்கிறது. கீழே வாங்க. இதைப் பாருங்க, நடுவில் குறுக்கே போகிற சேஸிஸ் பட்டை.

ஜிம்னிக்காரர்: அய்யோ, எவ்வளவு கீறல்!

மேஸ்திரி: பாறை எங்கேயாவது ஸ்கேல் வைத்துக் கோடு போடுமா? அச்சு மாறாமல் நட்ட நடுவில், ஒன்றின் மேல் ஒன்றாக ஐம்பது கோடு இருக்கும். உங்கள் யானை காலையிலும் சாயங்காலமும் தவறாமல் வருகிறதா?

ஜிம்னிக்காரர்: அது... தோட்டத்துப் பாதை ஒரே மாதிரி இருக்கும்.

மேஸ்திரி: கோட்டுக்குள் பச்சையாக இருக்கிறது.

ஜிம்னிக்காரர்: பாசி அண்ணே! மலைப் பாறை இல்லையா, பாசி படிந்திருக்கும்.

(மேஸ்திரி கழிவுப் பஞ்சில் தின்னரை நனைத்து ஒரு கீறலில் தேய்க்கிறார். பஞ்சின் நுனி பளிச்சென்று பச்சையாகிறது. இருவரும் பஞ்சையே பார்க்கிறார்கள்.)

மேஸ்திரி: பாசி தின்னரில் கரைந்து நான் பார்த்ததில்லை. தம்பி, உங்கள் வீட்டு கேட் என்ன நிறம்?

ஜிம்னிக்காரர்: (நீண்ட மௌனம்) பச்சை.

மேஸ்திரி: கேட் கதவு முட்டி நிற்க நடுவில் ஊன்றுகிற ஸ்டாப்பர்?

ஜிம்னிக்காரர்: அதுவும் பச்சை. மிச்சப் பெயின்ட்டை வீணாக்க வேண்டாமே என்று...

மேஸ்திரி: எவ்வளவு உயரம்?

ஜிம்னிக்காரர்: ஒரு சாண் இருக்காது. நாலு, நாலரை அங்குலம்.

மேஸ்திரி: அது இந்தப் பட்டைக்கு எட்டாதே.

ஜிம்னிக்காரர்: ஸ்டாப்பர் ஒரு மேட்டு மேலே இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அது மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, எங்கள் வீடு பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க கேட்டுக்கு அடியில் மேடு கட்டினேன். உச்சியில் ஸ்டாப்பர். நானே நின்று, கான்கிரீட் போட்டு, அசையாமல் ஊன்றினேன்.

மேஸ்திரி: அப்படிச் சொல்லுங்க. மனப்பாடம் செய்தீர்களே 24 டிகிரி, அது இந்த மேட்டுக்குத்தான். முன் சக்கரம் ரோட்டில், பின் சக்கரம் வீட்டுக்குள், வயிறு உச்சியில். மேடு பாதி இடைவெளியைத் தின்றுவிடும். மிச்சத்தை ஸ்டாப்பர் தின்கிறது. ஜிம்னி பாவம், வெறும் மேட்டை ஏறி இறங்கியிருக்கும். நீங்கள் மேட்டுக்குக் கொம்பு வைத்திருக்கிறீர்கள்.

ஜிம்னிக்காரர்: முதல் நாளே வீட்டில் சொன்னாள் அண்ணே. "அடியில் உரசுகிறது, அதை அறுத்துப் போடுங்கள்" என்று. நான்தான், "இது மலை ஏறுகிற வண்டி, உனக்கு ஒன்றும் தெரியாது" என்றேன்.

மேஸ்திரி: அது எத்தனை மாதம் முன்னால்?

ஜிம்னிக்காரர்: மூன்று.

மேஸ்திரி: (மேலே ஏறி வந்து கையைத் துடைக்கிறார்) சரி, ஃபைலை மூடுங்க. தோட்டத்துக்குப் போவதாவது நிஜமா?

ஜிம்னிக்காரர்: நிஜம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்.

மேஸ்திரி: அப்போது முன்பக்கம் சேம்பரை மூடுகிற மாதிரி ஒரே தகடு, 3 எம்.எம். இரும்பு. அரை சதுர மீட்டர், 12 கிலோ. டிரெயின் நட்டுக்கு நேரே ஓட்டை, சேறு வெளியேற நாலு கண், போல்ட்டுக்கு வளையம். வியாழக்கிழமை தருகிறேன். ஸ்டாப்பரை அறுக்கப் பையனை கிரைண்டரோடு அனுப்புகிறேன். அரை மணி நேர வேலை. தாழ்ப்பாள் விழத் தரையில் ஒரு குழாய்த் துண்டைப் பதித்தால் போதும், ஸ்டாப்பரே வேண்டாம்.

ஜிம்னிக்காரர்: பையனைப் பதினோரு மணிக்கு மேல் அனுப்புங்க. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள்.

மேஸ்திரி: சாயங்காலம் வந்து பார்த்தால் தெரியாதா?

ஜிம்னிக்காரர்: அதைச் சமாளித்துக்கொள்கிறேன். பில் மட்டும் அவள் கையில் போகும். கணக்கு டீச்சர், ஒரு வரி விடாமல் பார்ப்பாள். ஸ்டாப்பர் அறுத்தது என்று எழுதிவிடாதீர்கள் அண்ணே.

மேஸ்திரி: வேறு என்ன எழுத?

ஜிம்னிக்காரர்: பாறை அகற்றியது என்று.

(மேஸ்திரி காதிலிருந்த பேனாவை எடுத்து, எச்சில் தொட்டு பில் புக்கைப் புரட்டி, உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார்.)

மேஸ்திரி: 3 எம்.எம். தகடு, ஒன்று. போல்ட் வளையத்தோடு, எட்டு. பாறை, பச்சை நிறம், ஒன்று.