ஆமாங்க, பொங்கலுக்கு ஹோட்டல்ல தான் சாப்பிட்டோம்

ஜி.எச். வாசல்ல பொங்கல் பொட்டலம் குடுத்தப்ப எடுத்து நான் போட்ட போட்டோவுக்குக் கீழ, நேத்து ஒருத்தர் கமெண்ட் போட்டு நடந்த கூத்த பாத்தவங்களுக்கு திரும்ப சொல்ல வேண்டியதில்ல. பாக்காதவங்க பாக்காமலே விட்டுடுங்க, புண்ணியமா போகும். காலைல எழுந்தா இன்பாக்ஸ்ல பதினோரு பேர் "என்னாச்சு, அது உங்க சொந்தக்காரரா?"ன்னு கேட்டிருக்காங்க. ஆமா, சொந்தக்காரர் தான், பெரியப்பா பையன். வேற யாருக்கு இவ்ளோ உரிமை வரும்.

பதில் சொல்லிடறேன். ஆமாங்க, தைப்பொங்கல் அன்னைக்கு நாங்க மெட்ராஸ்ல ஹோட்டல்ல தான் சாப்பிட்டோம். இலை 450 ரூபா, மூணு பேருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேத்து 1400 சொச்சம். சக்கரப் பொங்கல், வெண்பொங்கல், மொச்சக்கொட்ட போட்ட குழம்பு, வடை, அவியல், பாயசம். நாப்பது நிமிஷம் வெளில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பேர் கூப்பிடுவாங்களான்னு காத்திருந்தோம். நல்லா சாப்பிட்டோம், நல்லா தூங்கினோம். எந்த சாமியும் கண்ண குத்தல.

"உழவர் திருநாள் அதுவுமா மண்ண மறந்துட்டு ஹோட்டல்ல பொங்கல், அதுல சேவைன்னு போட்டோ வேற". இது தான் கமெண்ட். அதுக்கு 42 லைக். அதுல ஒம்போது பேரு என் கல்யாணத்துல பந்தில உக்காந்து சாப்பிட்டவங்க, எண்ணிப் பாத்துட்டேன்.

மொதல்ல அந்த "சேவை"க்கு வரேன். எங்க அபார்ட்மெண்ட்ல ஊருக்குப் போகாத பன்னெண்டு பேர் சேந்து, தெரிஞ்ச சமையல்காரர் கிட்ட சொல்லி 300 பொட்டலம் பொங்கல் கட்டி, காலைல ஏழு மணிக்கு ஜி.எச். வாசல்ல குடுத்தோம். அவ்ளோ தான். இத நான் சேவைன்னு எங்கயும் எழுதல, போட்டோ மட்டும் தான் போட்டேன். சரி, போட்டிருக்க வேணாம், ஒத்துக்கறேன். ஆனா ஒரு போட்டோ தான், அதுவும் என் மூஞ்சி பாதி தான் தெரியும். நீங்க கோயில் கும்பாபிஷேகத்துக்கு டியூப் லைட் வாங்கிக் குடுத்துட்டு லைட்டு மேலயே உபயம்னு பேர் எழுதினீங்களே அண்ணே, அந்த வெளிச்சத்த விட என் போட்டோ கம்மி தான்.

சொல்லப்போனா அந்த காலைல எங்களுக்கு தான் பாடம். வந்தவங்கள்ல பாதிப் பேரு "இனிப்பா? எனக்கு சுகர் இருக்கேம்மா, உப்புப் பொங்கல் இல்லையா?"ன்னு கேட்டாங்க. 300 பொட்டலமும் சக்கரப் பொங்கல். பன்னெண்டு படிச்ச ஜென்மங்கள்ல ஒருத்தருக்கும் தோணல. ஒரு பெரியவர் சிரிச்சுட்டே "அம்மா உணவகத்துல வருஷம் பூரா பொங்கல் 5 ரூபா தானம்மா, நான் அங்க போயிக்கிறேன்"னுட்டு நடந்துட்டாரு. அத பத்தி கிண்டல் பண்ணியிருந்தா நானே ஹாஹா போட்டிருப்பேன். அண்ணனுக்கு அதெல்லாம் கண்ணுல படல.

ஒரு அம்மா, விழுப்புரம் பக்கமாம், வீட்டுக்காரர் வார்டுல பத்து நாளா இருக்காரு. பொட்டலத்த வாங்கிட்டு உடனே பிரிக்கல. காம்பவுண்டு சுவர் மேல கிழக்கால பாத்து வச்சு, செருப்ப கழட்டிட்டு ஒரு கும்புடு போட்டுட்டு, ஒரு விள்ளல் எடுத்து காக்காவுக்கு வச்சிட்டு அப்புறம் தான் வாயில வச்சாங்க. கோலம் இல்ல, பானை இல்ல, கரும்பு இல்ல. பின்னாடி ஆம்புலன்ஸ் சத்தம். அவங்க பொங்கல் கொண்டாடலன்னு யாராவது சொல்லுவீங்களா? அவங்களும் ஊருக்குப் போகல தான். மண்ண மறந்துட்டாங்களா?

இன்னொன்னு. வருஷா வருஷம் இந்த நாலு நாளும் "சென்னை காலி, ரோடு ஜாலி"ன்னு மீம் போடறீங்களே, யாரு காலி? காசிமேட்டுலயும் வியாசர்பாடிலயும் தலமுறை தலமுறையா இருக்கறவங்களுக்கு இது தான்யா சொந்த ஊரு, அவங்க எங்க போவாங்க? காணும் பொங்கல் அன்னைக்கு மெரினாவுக்கு வந்து பாருங்க, வீட்டுல புளி சாதம் கிளறி தூக்குல எடுத்துட்டு குடும்பம் குடும்பமா மணல்ல உக்காந்திருப்பாங்க, போலீஸ் குழந்தைங்க கைல போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடுவாங்க, அந்தக் கூட்டமெல்லாம் ராத்திரி கலைஞ்சப்புறம் விடிய விடிய குப்ப அள்றவங்களுக்கும் அன்னைக்குப் பொங்கல் தான். நாங்க சாப்பிட்ட ஹோட்டல்லயே பரிமாறின பையன் ஒடிசா, வேட்டி கட்டி விட்டிருக்காங்க, "சக்கர பொங்கல் வைக்கவா அக்கா"ன்னு கேட்டான். அவங்க ஊர்லயும் அன்னைக்கு சங்கராந்தி தானே. சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், நாலு வருஷமா பொங்கலுக்கு ஊருக்குப் போகலயாம். ஊருக்குப் போறது தான் பொங்கல்னா இவங்களுக்கெல்லாம் பொங்கலே கிடையாதா?

"அவங்க நெலம வேற, உனக்கு என்ன, போயிருக்கலாம்ல"ன்னு கேப்பீங்க. போயிருக்கலாம். ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி ஓப்பன் ஆகும், எட்டு மணிக்கு உக்காந்தா எட்டு அஞ்சுக்கு மன்னார்குடி போற மன்னை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் நூத்த தாண்டியிருக்கும். ஆம்னி பஸ்ல மூணு மடங்கு கேப்பான். கார் எடுத்தா பெருங்களத்தூர்லேந்து பரனூர் டோல் வரைக்கும் ஊர்ந்துட்டே போகணும். ஆனா அதெல்லாம் சும்மா சாக்கு தான், அத நானே சொல்லிடறேன். அம்மா இருந்த வரைக்கும் அன்ரிசர்வ்டுல பாத்ரூம் பக்கத்துல நின்னுட்டே போயிருக்கேன், கைக்குழந்தையோட.

அப்புறம் "உழவர் திருநாள்". இது தான் எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்த இடம். அண்ணே, ரோட்டோரம் இருந்த ஆறு மா நெலத்த பிளாட் போட்டு வித்துட்டு, கல்லு நட்டு மஞ்ச பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கீங்க, நீங்க எனக்கு மண்ணப் பத்தி சொல்றீங்க. எங்க அப்பா இருந்தப்ப சம்பா முழுசா அறுப்புக்கு வரலன்னாலும் ரெண்டு கைப்பிடி புதுக்கதிர் அறுத்துட்டு வருவாரு, அம்மா அத குத்தி அந்த அரிசிய பழைய அரிசியோட கலந்து தான் பானைல போடுவாங்க. இப்ப உங்க வீட்டுப் பொங்கலுக்கு அரிசி எங்கேந்து வருது? மன்னார்குடி கடையிலேந்து மூட்டையில. நான் தப்புன்னு சொல்லல. அறுக்குறது மெஷின், கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டினா எடுக்க மாட்டேங்கிறான், நெல்ல ரோட்டுல கொட்டி காய வச்சிட்டு பனியில காவல் படுத்திருக்கறவங்களுக்கு தான் தெரியும் உழவர் திருநாள். அவங்க யாரும் என் போட்டோவுக்குக் கீழ வந்து கமெண்ட் போடல, அவங்களுக்கு நேரம் இல்ல.

சரி ஹோட்டலுக்கு வரேன். ஏன் ஹோட்டல்னு ஒருத்தர் கூட கேக்கல பாருங்க. ஊர்ல பொங்கல்னா எங்க அம்மா மூணு மணிக்கு எழுந்திருப்பாங்க. வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, அடுப்புக்கு கல்லு வச்சு, பதினாறு பேருக்கு சமைச்சு, படையல் முடியற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்காம, ஆம்பளைங்க பந்தி, குழந்தைங்க பந்தி, அப்புறம் வந்தவங்க போனவங்க. மூணு மணிக்கு ஆறிப்போன பொங்கல பானைல ஒட்டினத சொரண்டி சாப்பிடுவாங்க. "பொங்கலோ பொங்கல்"னு கத்துனதெல்லாம் நாம தான், அவங்களுக்கு புகையில கண்ணு தான் பொங்கும்.

முட்டி வலிக்கு காட்ட மெட்ராஸ் வந்தப்ப ஒரு நாள் ஹோட்டலுக்கு கூட்டிட்டுப் போனேன். மசால் தோசை. முழுசா சாப்பிட்டுட்டு தட்ட கைல எடுத்துட்டு எழுந்துட்டாங்க. "வச்சிடும்மா, அவங்க எடுத்துப்பாங்க"ன்னேன். "யாரு கழுவுவா?"ன்னாங்க. "அதுக்கு ஆள் இருக்கும்மா." உக்காந்துட்டாங்க, ஆனா போற வரைக்கும் அந்த தட்டையே பாத்துட்டிருந்தாங்க. வெளில வந்து "பொங்கலன்னைக்கும் இது தொறந்திருக்குமாடி?"ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல.

அதனால தான் ஹோட்டல். போதுமா?

இவ்ளோ எழுதினதுக்கப்புறமும் "அக்கா சும்மா ஒரு கமெண்டுக்கு ஓவர் ரியாக்ட் பண்றாங்க"ன்னு சொல்லுவீங்க. பண்றேன் தான். ஏன்னா அம்மா போனதுக்கப்புறம் இது மூணாவது பொங்கல். தலைப்பொங்கலுக்கு வெங்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், ஒரு கட்டு கரும்பு, மஞ்சக்கொத்து, வாழத்தார்னு எனக்கு பஸ் மேல ஏத்திட்டு வந்த பொறந்த வீடு அது. அம்மா இருந்த வரைக்கும் ஒரு வருஷமும் சீரு தப்பினதில்ல. இப்ப என் கூடப்பொறந்தவன் போகி அன்னைக்கு ஜிபேல ஆயிரத்தொரு ரூபா அனுப்பறான், கீழ "ஹேப்பி பொங்கல்"னு ஒரு பானை படம். நானும் ஒரு கும்புடு படம் அனுப்பறேன். ரெண்டு பேரும் போன் பண்ணிக்கறதில்ல. வீடு அவன் பேருக்கு மாறினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, கையெழுத்து போட்டுக் குடுத்தவளே நான் தான். ஆனா பொங்கலுக்கு எப்ப வரேன்னு ஒருத்தரும் கேக்கல. மூணு வருஷமா கேக்கல. பெரியப்பா வீடும் கேக்கல. கேக்காத வீட்டுக்கு கரும்பத் தூக்கிட்டு எப்படிப் போய் நிக்கறது?

அண்ணே, அந்த கமெண்ட டெலீட் பண்ண வேணாம், இருக்கட்டும். மண்ண மறந்துட்டேன்னு மூணு வருஷத்துல நீங்க எனக்கு எழுதின முதல் வரி அது தான். அடுத்த பொங்கலுக்கு என்னை ஊர்ல பாக்கணும்னா ஒரு போன் போடுங்க. டிக்கெட் நவம்பர் நடுவுலயே ஓப்பன் ஆயிடும், அதுக்கு முன்னாடி.