சாவு குறைந்தது சரி, ஏன் குறைந்தது?

போர்ச் செய்திகளில் சாவு எண்ணிக்கை இறங்கியதுமே 'நிலைமை கைக்குள் வந்துவிட்டது' என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இராக்கை அதற்குள் மறந்தாயிற்றா?

2007 மே மாதம் மட்டும் அங்கே 126 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். டிசம்பரில் 23. கூடுதலாக ஐந்து பிரிகேடுகள் (பெரிய படைப்பிரிவுகள்) இறக்கியதன் பலன் என்றது வாஷிங்டன். அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

ஆனால் சம்பளமும் ஒரு காரணம். அல்-கொய்தாவுக்கு எதிராகத் திரும்பிய சுன்னிகளுக்கு (பழைய கிளர்ச்சிக்காரர்களும் இதில் உண்டு) மாதம் சுமார் 300 டாலர் கொடுத்தது அமெரிக்கா. 2008இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அந்தப் பக்கம் ஷியா மதகுரு முக்ததா அல்-சதர் 2007 ஆகஸ்டில் தன் ஆயுதக் குழுவான மஹ்தி படையை ஆறு மாதம் சும்மா இருக்கச் சொன்னார். பணம் நின்றாலோ, மனம் மாறினாலோ இரண்டும் போச்சு.

இன்னொரு காரணம் கசப்பானது. பாக்தாத்தில் ஷியாவும் சுன்னியும் கலந்து வாழ்ந்த பல பேட்டைகளில் ஒரு தரப்பை ஏற்கெனவே விரட்டி முடித்திருந்தார்கள். கொல்வதற்குப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. செயற்கைக்கோள் படங்களில் இரவு வெளிச்சத்தை அளந்த கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூடுதல் படை வருவதற்கு முன்பே சுன்னி பேட்டைகள் ஆளில்லாமல் இருண்டுபோனதைக் காட்டினார்கள். மிச்சத்தை, பேட்டைகளைப் பிரித்து எழுப்பிய 12 அடி கான்கிரீட் சுவர் பார்த்துக்கொண்டது.

அதனால் சாவுக் கணக்கைத் தனியாகப் படிக்கக் கூடாது. ரோந்து முகாமைவிட்டு வெளியே போகாவிட்டாலும் சாவு குறையும். ரோந்து எண்ணிக்கையைப் பக்கத்தில் வையுங்கள். வெடித்த குண்டு எத்தனை, ஊர்க்காரர் துப்புக் கொடுத்து எடுத்த குண்டு எத்தனை? ஓடிய குடும்பம் தன் பழைய வீட்டுக்கே திரும்பியதா, வேறு பேட்டைக்கா? எதிர்ப்பிரிவு நோயாளி அரசு ஆஸ்பத்திரிக்குப் பயமின்றிப் போகிறாரா? சுவரை எடுத்தால் சந்தை நடக்குமா?

அரசியலுக்கும் அளவுகோல் இருந்தது. இராக் அரசு எட்ட வேண்டிய இலக்குகள் என்று அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்றம்) வைத்தவை 18. அதன் தணிக்கை அலுவலகம் 2007 செப்டம்பரில் பார்த்தபோது நிறைவேறியவை 3, அரைகுறை 4, மீதி 11 இல்லை. எண்ணெய் வருமானப் பங்கீட்டுச் சட்டம் அந்த 11இல் ஒன்று. தலைப்புச் செய்தியானது என்னவோ சாவு வரைபடம்தான்.

2008 அக்டோபரில் அந்தச் சுன்னி ஆட்களின் சம்பளப் பட்டியல் பாக்தாத் அரசின் கைக்கு மாறத் தொடங்கியது. ஐந்தில் ஒருவருக்குப் பாதுகாப்புப் படையில் வேலை என்று பேச்சு. சம்பளம் இழுத்தடித்தது, சிலர் கைதானார்கள். 2009இல் இறந்த அமெரிக்கப் படையினர் சுமார் 150 பேர், 2007இல் 900க்கு மேல். வரைபடத்தில் அழகான சரிவு.

2014 ஜூன் 10இல் வடக்கு இராக்கின் மொசூல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் விழுந்தபோது, அதைக் காக்க வேண்டிய இராக்கியப் படையினர் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள்.